எந்தக் கையாலும் வாசிக்க முடியாத நாற்பது வினாடி

ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதலாவது மைக்கைப் பற்றியது. அதற்கு நான் பதில் சொல்வதில்லை; அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது, “சார், நீங்க ரெக்கார்ட் பண்ணதுலயே ஒங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கிடார் சோலோ எது?” என்பது. நான் அதிகம் பதிவு செய்தது மின்சாரம் வேண்டாத மரக் கிடாரைத்தான். அதனால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. இத்தனை காலம் ஏதாவது ஒரு பாட்டைச் சொல்லித் தப்பித்துவந்தேன். வேலையை விட்டு உத்திரமேரூரில் வீட்டோடு இருக்கிற இப்போதாவது உண்மையான பதிலைச் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தவை மூன்று.

ஒன்று, ஒரு கல்லூரி ஆசிரியை வாசித்தது. யாரோ தங்கள் பெண்ணின் கல்யாணத்துக்காக எழுதிய பாட்டு. நடுவில் கிடார் மட்டும் தனியாக ஒலிக்கப் பத்து வினாடி விட்டிருந்தோம். அந்த அம்மா ஏழே சுரங்கள் வாசித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். கடைசிச் சுரம் மெல்லத் தேய்ந்துகொண்டே போனது. “இன்னும் நாலு வினாடி இருக்கும்மா” என்றேன். “இருக்கட்டும் சார். அது கேக்கறவங்களுக்கு” என்றார். அந்தக் கல்யாண வீட்டில் பாட்டைப் போட்டபோது அந்த நாலு வினாடியில்தான் பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

இரண்டாவது, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவருக்கு மெல்லிய கம்பி அறுந்தது. பட்டென்று சத்தம். மேலே ஏற வேண்டிய மெட்டு, ஏறுவதற்கான கம்பி இல்லை. அவர் நிறுத்தவில்லை. அரை வினாடியில் முடிவெடுத்து, மெட்டைக் கீழே திருப்பி, மிச்சக் கம்பிகளில் முடித்தார். என் கை பதிவை நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விட்டது. என் மேலதிகாரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முடிகிற வரை விடவில்லை. இப்போதும் அந்தப் பதிவைக் கேட்டால் கம்பி அறுவதும், ஒரு மனிதர் தன் வழியைத் தேடிக்கொள்வதும் கேட்கும். நல்ல சோலோ என்றால் என்ன என்று கேட்கிறவர்களிடம் இதைத்தான் சொல்லுவேன்: ஒருவர் முடிவெடுப்பது அதில் நமக்குக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, ஏகாம்பரம் மூன்றாம் முறை வாசித்த டேக். அதை நீங்கள் கேட்க முடியாது. நான் அழித்துவிட்டேன்.

ஏகாம்பரம் திருப்புலிவனத்துக்காரர். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சாலவாக்கத்திலிருந்துகூட அவரிடம்தான் கொண்டுவருவார்கள். கருகிய செப்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கட்டுகிற வேலை. என் வீட்டு மோட்டாரைக் கொண்டுபோன அன்று அவர் கடைச் சுவரில் ஒரு கிடார் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினார். தானாகக் கற்றுக்கொண்டதாம். திருவிழாக்களில் பாடுகிற ஒரு குழுவில் எப்போதாவது வாசிப்பதோடு சரி. நான் அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு மாடி ஸ்டுடியோவில் பதிவும் எடிட்டிங்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஒரு நாள் ஸ்டுடியோ பக்கம் வாங்க ஏகாம்பரம்” என்று கூப்பிட்டேன். வந்தார். அடிக்கடி வர ஆரம்பித்தார்.

அந்த வருடம் பள்ளிக்கூட வேன்கள் ஓட்டும் ஒருவர் தன் ஊர் அம்மன் மேல் பாட்டெழுதி ஆல்பம் போட்டார். அவரை ஆல்பக்காரர் என்றே சொல்கிறேன். ஒரு பாட்டில், பாடகி இரண்டாவது சரணம் முடித்ததும் மேளம், கீபோர்டு எல்லாம் நின்றுவிட வேண்டும். நாற்பது வினாடி கிடார் மட்டும். அதற்கு ஏகாம்பரத்தை வரச் சொன்னேன். அவர் வந்த நாளுக்கு மறுநாள் காலையில் கோயிலில் வெளியீடு. அன்று மாலைக்குள் பாட்டை முடித்துக் கொடுத்தாக வேண்டும்.

ஏகாம்பரத்துக்கும் அவசரம். சாலவாக்கத்தில் ஒருவருடைய மோட்டார் எரிந்து, நாற்றங்கால் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. இரண்டு மணிக்குள் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

முதல் இரண்டு டேக்கிலும் விரல் தயங்கியது. மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டார். தடித்த கம்பிகளில், பாடகி கடைசியாகப் பாடிய வரியையே வாசித்தார். வரியின் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டார். மறுபடி அதே வரி, மறுபடி அந்தச் சொல் இல்லை. கேட்கிற நம் மனம் அதைத் தானாகப் போட்டுக்கொண்டது. மேலே ஏற வேண்டிய இடத்தில் ஒரு கணம் நின்றார். விரல் கம்பியில் உராய்ந்து கீச்சென்றது. பிறகு ஏறினார். எல்லோரும் எதிர்பார்க்கிற உச்ச சுரத்துக்குப் போகாமல் அதற்கு ஒரு படி கீழேயே நின்றார், அங்கிருந்து இறங்கிவிட்டார். சாமி முன்னால் போய் நின்று, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அப்படி இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆல்பக்காரர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “இன்னா சார், நடுவுல நின்னு பூட்டாரு? கீச்சுனு வேற கேக்குது. உச்சிக்குப் போனாத்தானே ஜனம் கை தட்டும்?”

அங்கேதான் நான் பேசியிருக்க வேண்டும். “இதுதான் பாட்டு, இதைவிட நல்லா வராது” என்று சொல்ல எனக்கு அனுபவம் இருந்தது, காது இருந்தது. நானோ மைக் பொத்தானை அழுத்தி, “ஏகாம்பரம், இன்னும் ரெண்டு எடுக்கலாமா?” என்றேன்.

இரண்டு எட்டானது. பிந்தைய டேக்குகளில் அவர் உச்சிக்கு ஏறினார், வேகமாக வாசித்தார். எதுவும் முழுசாக அமையவில்லை. இரண்டு மணிக்குக் கிடாரைப் பைக்குள் வைத்தார்.

“நாத்து காயுதுன்னு போன் மேல போன் வந்துகினு கீது சார். மூணாவதே வெச்சிக்குங்க. அதுலதான் நான் கீறேன்.”

“சரி, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

பாத்துக்கறேன் என்ற சொல்லை நம் தொழிலில் தினமும் பத்து தடவை சொல்கிறோம். எச்சரிக்கையாகச் சொல்லுங்கள்.

அவர் போனதும் உட்கார்ந்து வெட்டினேன். மூன்றாவதின் தொடக்கம், ஆறாவதின் ஏற்றம், ஒன்பதாவதின் உச்சம். கீச்சுச் சத்தத்தை எடுத்தேன். நின்ற இடத்தை மூடினேன். தொடக்கத்தில் வந்த தடித்த கம்பியின் ஓசை நன்றாக இருந்தது. அதைத் தேயவிடாமல் நீட்டி, உச்சியில் வாசிக்கும்போதும் அடியில் ஒலித்துக்கொண்டிருக்கும்படி வைத்தேன். ஒட்டு எங்கே இருக்கிறது என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. ஆல்பக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் ஏகாம்பரத்திடமிருந்து போன்.

“சார், பாட்டு வந்துச்சு. கடையில போட்டாங்க. நல்லாகீது.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா இது என் கை இல்லியே சார்.”

நான் சிரித்தேன். “ஒங்க கைதான் ஏகாம்பரம். அதுல ஒரு சுரம்கூட நீங்க வாசிக்காதது இல்ல.”

“அது சரி சார். ஆனா அந்தத் தடிச்ச கம்பிய அமுக்கிக்கினே எப்படி மேல போவறது? கைக்கு நீளம் பத்தாதே.”

அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்த நாற்பது வினாடியில் ஓர் இடத்தில் இடது கை கிடாரின் கழுத்து நுனியிலும் அடியிலும் ஒரே சமயத்தில் இருந்தாக வேண்டும். மனிதர் எவராலும் முடியாது. கேட்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்கே அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. “ரெக்கார்டிங்னா அப்படித்தான், விடுங்க” என்று சொல்லிவைத்தேன்.

வெட்டி ஒட்டுவது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. நாம் எல்லோரும் செய்வதுதான். பாடகருக்கு மூச்சு வாங்கினால் எடுத்துவிடுகிறோம், தாளம் நழுவினால் நேராக்குகிறோம். ஆனால் ஒருவர் தனியாக வாசிக்கிறார் என்றால் அந்த நேரத்துக்கு அந்தப் பாட்டு முழுக்க அவர்தான். எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வாய்திறந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மாறாகச் செய்யப்போகிறேன் என்று ஒரு போன் போட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பாட்டு ஓடியது. ஆடி மாதம் முழுக்க எந்த ஊர்க் கோயில் ஒலிபெருக்கியிலும் அது கேட்டது. பஸ்ஸில் கேட்டது. பஸ் நிலையத்து டீக்கடையில், “அம்மன் பாட்டுல கிடாரு வாசிச்சது இவருதான்” என்று ஏகாம்பரத்தைக் காட்டினார்கள். அவர் மறுக்கவும் முடியாமல் ஒத்துக்கொள்ளவும் முடியாமல் தலையாட்டினார். அந்த நாட்களில் அவர் தினமும் காலையில் கடையைத் திறப்பதற்கு முன் அந்த நாற்பது வினாடியை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தன் பெயரில் ஊர் கேட்கிற ஒன்றைத் தன் கையால் ஒரு தடவையாவது வாசித்துவிட வேண்டும் என்று.

அதே சமயத்தில்தான் ஸ்டுடியோ கணினியில் இடம் போதாமல் போனது. முடிந்த வேலைகளின் டேக்குகளை அழித்தேன். அந்த அம்மன் ஆல்பமும் அதில் இருந்தது. அழிக்கட்டுமா என்று கணினி ஒரு முறை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

சில மாதம் கழித்து, வெளிநாடுகளுக்கெல்லாம் போய்க் கச்சேரி செய்கிற ஒரு பெரிய குழுவின் தலைவர் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு ஆல்பக்காரரைத் தொடர்புகொண்டார். அவருக்கு மரக் கிடார் வாசிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கச்சேரிக்கு வருவதாகவும், காலையில் அங்கேயே ஏகாம்பரத்தைக் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார்.

ஏகாம்பரம் ஸ்டுடியோவுக்கு வந்தார். அன்றுதான் அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டார். “சார், அந்த மூணாவது வாட்டி வாசிச்சது இருக்குதில்ல? அத்த ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க. முதல்ல அத்த போட்டுக் காட்டிட்டு, அப்புறம் வாசிக்கறேன்.”

அழித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. “தேடிப் பாக்கறேன்” என்றேன்.

“நீங்களும் கூட வாங்க சார். தெம்பா இருக்கும்.”

அவருடைய பைக்கில் போனோம். பென் டிரைவைக் கேட்டார்; இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்தேன். கிடார் என் முதுகில். நாஷ்டாகூடச் சாப்பிடாமல் வந்திருந்தார். மண்டபத்து மாடியில் ஓர் அறையில் குழுத் தலைவர், அவருடைய கீபோர்டு வாசிப்பவர், ஆல்பக்காரர் ஆகியோர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் நல்ல மனிதர். ஆல்பக்காரர் என்னைக் காட்டியதும் எழுந்து வந்து கைகொடுத்து, “அந்த சவுண்டு நீங்க எடுத்ததா? எங்க அடுத்த ஆல்பத்தை ஒங்ககிட்டயே பண்ணலாம்னு இருக்கேன்” என்றார்.

ஏகாம்பரம் முதலில் தன் மனசிலிருந்து ஒன்றை வாசித்தார். அழகாக வாசித்தார். தலைவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, “நல்லாருக்கு. இப்ப அந்த அம்மன் பாட்டுல வர்றத வாசிங்க” என்றார்.

ஏகாம்பரம் அதையும் தன் வழியில், கைக்கு எட்டுகிற மாதிரி மாற்றி வாசித்தார்.

“இது இல்லையே. அதுல பேஸ், அந்தத் தடிச்ச கம்பி சத்தம், அடியில நிக்கும், மேல தனியா ஓடும். அதான் அழகே.”

மறுபடி முயன்றார். கை மேலே போனதும் தடித்த கம்பியின் ஓசை செத்துப்போனது. மூன்றாவது முறை விரல் வழுக்கி, தப்பான சுரத்தில் விழுந்தது. கீபோர்டுக்காரர் தன் போனில் அந்தப் பாட்டைப் போட்டார். அறை முழுக்க அந்த நாற்பது வினாடி, துளிப் பிசகில்லாமல் ஓடி முடிந்தது.

“வாசிச்சது இவர்தானா?” என்றார் கீபோர்டுக்காரர், யாரையும் பார்க்காமல்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். “அதை நான் ஒட்டினேன், எவராலும் வாசிக்க முடியாது” என்று நான் சொன்னால் முடிந்தது. ஆனால் ஒரு பக்கம் ஆல்பக்காரர். எதிரே, என் சவுண்டைப் பாராட்டி, தன் ஆல்பத்தைத் தருவதாகச் சொன்ன தலைவர். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“அன்னிக்கு அவர் நல்ல மூடுல இருந்தார் சார்.”

தலைவர் மரியாதையாகவே, “சரிங்க, சொல்லி அனுப்பறோம்” என்றார்.

ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் ஏகாம்பரம் வண்டியை நிறுத்தினார். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“மூடா சார்?” என்றார்.

நான் முதுகில் கிடார்ப் பையின் வாரைச் சரிசெய்துகொண்டேன்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். எனக்கு வேல கெடைக்கிலன்னா பரவால்ல. திருடன் மாதிரில்ல ஒக்காந்துகினு இருந்தேன்.”

“தப்புதான் ஏகாம்பரம்.”

“அந்த மூணாவது?”

அப்போதுதான் சொன்னேன். அழித்துவிட்டதை. அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “சரி, ஏறுங்க சார். மோட்டாரு ஒண்ணு கீது, சாயங்காலம் குடுக்கணும்” என்று வண்டியைக் கிளப்பினார்.

மண்டபத்தில் நடந்தது எப்படியோ ஊருக்கு வந்துவிட்டது. டீக்கடையில் கதை மாறியது. அம்மன் பாட்டில் வாசித்தது வேறு யாரோ மெட்ராஸ்காரர், இவர் பேரைப் போட்டுக்கொண்டார் என்றார்கள். திருவிழாக் குழுவும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தியது. அவர் ஸ்டுடியோவுக்கு வரவே இல்லை. நானும் அவர் கடைப்பக்கம் போகாமல், பஸ் நிலையத்துக்கு வேறு வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். குழுத் தலைவர் சொன்னபடி அந்த ஆல்பம் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தது. நன்றாகவே செய்துகொடுத்தேன். அவரோடு ஒரு மாதம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு நாள் அந்தத் தலைவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்படியா? அப்பவே சொல்லியிருக்கலாமே. அவர் மொதல்ல வாசிச்சது எனக்குப் பிடிச்சுதான் இருந்தது” என்றார். வேறு ஆள் எடுத்து வருடக்கணக்காகிவிட்டது என்றும் சொன்னார்.

அந்த வேகத்தில் ஏகாம்பரத்தின் கடைக்குப் போனேன். அவர் எழுந்து ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டார். தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டதைச் சொன்னேன்.

“அவருக்கா சொன்னீங்க?” என்றார். “அவரு என்னிய அன்னிக்கே மறந்திருப்பாரு சார். இதோ, எதிர்க்க டீக்கடையில கீறவங்கதான் தெனம் பாத்துக்கினு கீறாங்க.”

“மறுபடி ஒரு தடவை பதிவு பண்ணலாம் ஏகாம்பரம். எனக்குத் தெரிஞ்ச ஸ்டுடியோ இருக்கு. ஒரு வெட்டுக்கூட இல்லாம.”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “வராது சார். அந்தப் பாட்ட எடுத்தா, கை தானா நீங்க பண்ணதத் தொரத்திக்கினு போவுது. நான் மொதல்ல எப்படி வாசிச்சேன்னு எனக்கே நெனப்பில்ல.”

இந்த இடத்தில்தான் நான் செய்ததன் முழு அளவு எனக்குத் தெரிந்தது. வேலை போனது, பேர் போனது எல்லாம் வெளியில் நடந்தவை. அந்த மூன்றாவது டேக்கை நான் கணினியிலிருந்து மட்டும் அழித்திருக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். உங்களுக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டு அவசரப்படுத்துவார். அவசரம் உண்மையாகவே இருக்கும். அப்போதும் வாசித்தவரை ஒரு தடவை கேளுங்கள். செய்துவிட்டீர்களா, அன்றைக்கே சொல்லுங்கள். நாள் போகப் போக, உண்மையைச் சொன்னாலும் வேறாகத்தான் காதில் விழுகிறது. எப்படி என்றால்:

அன்று ஏகாம்பரத்தின் கடையிலிருந்து நேராக எதிர் டீக்கடைக்குப் போனேன். மத்தியான நேரம். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பலருக்கு என்னைத் தெரியும். நின்றுகொண்டே சொன்னேன். அம்மன் பாட்டில் கிடார் வாசித்தது ஏகாம்பரம்தான், வேறு யாரும் இல்லை. அவர் வாசித்த துண்டுகளை எடுத்து ஒட்டி, யாரும் வாசிக்க முடியாத மாதிரி ஆக்கியது நான். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, எல்லாம் என் வேலை என்றேன். அவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்கள்.

முடித்ததும் ஒருவர் முகம் மலர்ந்து, “அப்போ அந்தப் பாட்டுல கிடாரு நீங்கதானா சார்? இத்தினி நாளா சொல்லவேயில்லியே!” என்றார்.

இல்லை என்று மறுபடி விளக்கினேன். தலையாட்டினார்கள். நான் தன்னடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். டீயைக் கையில் திணித்தார்கள்.

திரும்பிப் பார்த்தேன். ஏகாம்பரம் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தெருவைக் கடந்து அவரிடம் போய், “தப்பாப் புரிஞ்சுகிட்டாங்க ஏகாம்பரம், நான் மறுபடியும் சொல்றேன்” என்றேன்.

“வாணாம் சார்” என்றார். கேலியோ கோபமோ அந்தக் குரலில் இல்லை. “அவங்க கரெக்டாத்தான் சொல்றாங்க. அத்த வாசிச்சது நீங்கதான்.”

சொல்லிவிட்டு, எரிந்த மோட்டாரோடு காத்திருந்தவரைக் கவனிக்க உள்ளே போனார்.